மழைக்காலத்துக்கு எதை வாங்குவது: நெல்லியா, நிலவேம்பா, சீந்திலா?

நாட்டு மருந்துக் கடைக்குப் போய், "எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது குடுங்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். நிலவேம்புப் பொடி, கபசுரப் பொடி, சீந்தில் சூரணம், அஸ்வகந்தா என்கிற அமுக்கரா, திரிபலா, முருங்கைப் பொடி, நெல்லி லேகியம் என்று மேசைமேல் வந்து குவியும். எல்லாவற்றுக்கும் ஒரே சான்றிதழ்தான்: "நல்லதுங்க, பக்கவிளைவே கிடையாது." ஐப்பசி மழை பிடிக்கும் நேரத்தில் ஆயிரம் ரூபாயை இப்படிக் கொடுத்துவிட்டு வருவது ரொம்பச் சுலபம். அதில் எது வீட்டில் இருக்க வேண்டியது, எது கடையிலேயே இருக்கட்டும் என்பதுதான் கேள்வி.

நான் இவற்றை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்கிறேன். நெல்லிக்காய், மிளகு, மஞ்சள், பூண்டு, முருங்கைக்கீரை, தூதுவளை எல்லாம் சாப்பாடு. தலைமுறை தலைமுறையாக இலையில் விழுந்தவை. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. நிலவேம்பு, கபசுரம், ஆடாதொடை, சீந்தில், அமுக்கரா எல்லாம் மருந்து. வைத்தியர் நாடி பார்த்து, இந்த அளவு, இத்தனை நாள், இன்ன பத்தியம் என்று சொல்லிக் கொடுத்தவை. 2020-இல் கொரோனா வந்தபோது இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடு அழிந்துபோய், மருந்தும் டீயைப் போலத் தினசரி பானமாகிவிட்டது. அந்தக் கோட்டை மறுபடி போட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் கடைக்குப் போகும் முன்பே தீர்ந்துவிடும்.

அப்புறம், இவற்றில் எதைச் சாப்பிட்டாலும் டெங்குக் கொசு கடிக்காமல் போகப் போவதில்லை. சரியான சாப்பாடும் தூக்கமும் இல்லாமல், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாமல் தளர்ந்துபோன உடம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். நல்ல உடம்பின் எதிர்ப்பு சக்தியை இன்னும் ஏற்றிக்கொண்டே போகலாம் என்பது விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்தது. எதிர்ப்பு சக்தி அளவுமீறிப் பாய்ந்தாலும் வம்புதான். முடக்குவாதம் மாதிரியான நோய்களில் உடம்பின் காவல்படை உடம்பையே தாக்குகிறது.

சரி, நெல்லியிலிருந்து ஆரம்பிப்போம். பெருநெல்லியைத்தான் சொல்கிறேன். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்னும் அருநெல்லி வேறு மரம், வேறு கணக்கு. பழைய ஊட்டச்சத்து அட்டவணைகளில் 100 கிராம் நெல்லிக்காயில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று இருக்கும். இன்றுவரை பலரும் அந்த எண்ணைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணை அதைச் சுமார் 250-க்கு இறக்கிவிட்டது. இறங்கினாலும் நட்டமில்லை. ஒரு நாள் தேவை ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம்தான். நடுத்தர அளவுக் காய் ஒன்றில் கொட்டை போக 30, 40 கிராம் தேறும். ஒரே காயில் அன்றையக் கணக்கு முடிந்தது. வீட்டில் பிள்ளைகள் துவர்ப்புக்கு முகம் சுளித்தால் கொய்யாவைக் கொடுங்கள். அதிலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

தினமும் வைட்டமின் சி சேர்த்தால் சளியே பிடிக்காதா என்றால், அப்படியில்லை. இதைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2013-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, சாதாரண மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை என்றுதான் சொன்னது. தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களுக்கு, வந்த சளி பெரியவர்களிடம் 8 சதவீதமும் குழந்தைகளிடம் 14 சதவீதமும் சீக்கிரம் விட்டது. ஏழு நாள் சளி ஆறரை நாளில் போகும், அவ்வளவுதான். அதுவும் மாத்திரைகளை வைத்து நடந்த ஆய்வுகள். சளி பிடித்தபிறகு மாத்திரையைத் தேடி ஓடியவர்களுக்கு உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. ஆகவே நெல்லியை மருந்தென்று நினைத்து வாங்காமல், நல்ல காய் என்று வாங்குவதே சரி.

எந்த வடிவில் வாங்குவது என்பதில்தான் காசு வீணாகிறது. பச்சைக் காய்க்கு முதலிடம். துவையல், தயிர்ப் பச்சடி, சாதத்தில் கலக்கும் தொக்கு எல்லாம் அதற்கு அடுத்தது. எவ்வளவு காய்ச்சினாலும் நெல்லியின் வைட்டமின் சி போகவே போகாது என்று ஒரு பேச்சு உண்டு. போகத்தான் செய்யும், முதலிருப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் போனாலும் மீதி நிற்கிறது. தேன்நெல்லி, நெல்லி மிட்டாய் இரண்டும் தின்பண்டம். லேகியத்தை எடுத்துக்கொண்டால், நெல்லியில் செய்யும் சியவனப்பிராசத்தைப் பற்றி ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதையே பேசுகிறது, பழம்பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் டப்பாக்களைத் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் எடையில் பாதியோ அதற்கு மேலோ சர்க்கரைதான். காலையில் இரண்டு கரண்டி, ராத்திரி இரண்டு கரண்டி என்று சர்க்கரை நோய்க்காரர் சாப்பிட்டால் எதிர்ப்பு சக்திக்கு நேர்எதிர் வேலை நடக்கிறது. அரைக் கிலோ டப்பாவின் விலைக்குச் சீசனில் இரண்டு கிலோ வரை நெல்லிக்காய் வரும். எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

மஞ்சளுக்கு வருவோம். நம் மஞ்சள் பாலைத்தான் இப்போது காபிக் கடைகளில் டர்மெரிக் லாட்டே என்று நூற்றுக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள், போகட்டும். மஞ்சளில் வேலை செய்வது என்று சொல்லப்படும் குர்குமின், அதன் எடையில் சுமார் 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளில் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. அதிலும் பெரும்பகுதியைக் குடல் உள்ளே விடுவதில்லை. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் செய்து 1998-இல் வெளிவந்த ஆய்வில், குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தபோது ரத்தத்தில் ஏறிய அளவு 20 மடங்கு கூடியது. பாலில் மஞ்சளோடு மிளகைத் தட்டிப்போடும் நம் பழக்கத்துக்கு இப்படியொரு நியாயம் கிடைத்திருக்கிறது.

ஆனால் இதே ஆய்வைக் காட்டித்தான் குர்குமினையும் பைப்பரினையும் அடைத்த மாத்திரைகளை விற்கிறார்கள். அங்கே கதை மாறுகிறது. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்ததை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவு செய்திருக்கிறார்கள். பைப்பரின் குர்குமினை மட்டும் உள்ளே தள்ளுவதில்லை. நீங்கள் சாப்பிடும் வேறு மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றக்கூடியது. குழம்பில் போடும் மஞ்சளுக்கும் ரசத்தில் போடும் மிளகுக்கும் இந்தப் பயம் தேவையில்லை. மாத்திரையா, ரசமா என்றால், ரசம்தான். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்ட சூடான ரசம் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். சாதத்தோடு இறங்கும்போது காய்ச்சல்காரருக்குத் தண்ணீரும் உப்பும் சேர்ந்து கிடைக்கும். மஞ்சளை மட்டும் கிழங்காக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். பளபளப்புக்காக ஈயம் கலந்த சாயத்தைச் சில இடங்களில் சேர்க்கிறார்கள். ஈயம் பிள்ளைகளின் மூளைக்கு விஷம்.

கீரைகளில் முருங்கையை மிஞ்ச எதுவும் இல்லை. 100 கிராம் பச்சைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் 6 கிராம் புரதமும் உண்டு. இப்போது இதன் பொடிக்குத்தான் மவுசு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கீரையில் நாலில் மூன்று பங்கு தண்ணீர். ஒரு கரண்டி, அதாவது 5 கிராம் பொடி என்பது சுமார் 20 கிராம் பச்சைக் கீரை. ஒரு பிடி பொரியலில் அதைவிட அதிகம் உள்ளே போய்விடும். கீரை கிடைக்காத ஊரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பொடி சரி. தெருக்கோடியில் மரம் நிற்கும்போது பாட்டிலில் அடைத்ததை வாங்குவானேன்? பொரியலில் எலுமிச்சை பிழிந்தாலோ, பக்கத்தில் நெல்லித் துவையல் இருந்தாலோ கீரையின் இரும்புச்சத்து நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த லாபம் போய்விடும்.

தூதுவளைக்கு முள் எடுக்கிற பொறுமை வேண்டும். சளி, இருமலுக்கு அதன் ரசமும் துவையலும் நம் ஊரில் பேர்போனவை. ஆஸ்துமாவில் சிறிய அளவில் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. வாரம் ஒரு நாள் சாப்பிட நல்ல கீரை, அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். தொட்டியில் வைக்க இடம் இருந்தால் கற்பூரவள்ளியும் துளசியும் போதும். கற்பூரவள்ளி ஒரு கிளையை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். சளிக்குப் பயன்படாத நாளில் பஜ்ஜிக்குப் பயன்படும். ஒரு எச்சரிக்கை: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் துளசிச் சாறு கொடுப்பதாக நினைத்துத் தேனைக் குழைத்துக் கொடுக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா அந்த வயதில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆடாதொடையையும் தொட்டிச் செடிதானே என்று சேர்த்துவிடக் கூடாது. இருமல் மருந்துகளில் நாம் அடிக்கடி பார்க்கும் புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால் இரண்டுக்கும் மூலம் இந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருள்தான். அந்த அளவுக்கு வேலை செய்கிற மூலிகை. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கவும் செய்யும், அதனால் கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக் கூடாது. பச்சை இலைதானே, என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனிக் குடிநீர்கள். நிலவேம்பா, கபசுரமா என்று கேட்பவர்களில் பலர் இரண்டும் ஒன்றின் வேறு பெயர் என்றே நினைக்கிறார்கள். நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்குகள்: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம். அது காய்ச்சலுக்கானது. 2012-இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு அதைக் கையில் எடுத்தது. அதிலிருந்து அரசு மருத்துவமனை வாசல்களில் டம்ளர் டம்ளராகக் கொடுத்து வருகிறார்கள். கபசுரத்தில் 15 சரக்குகள். நிலவேம்பும் கோரைக்கிழங்கும் சுக்கும் இதிலும் உண்டு. கூடவே திப்பிலி, இலவங்கம், ஆடாதொடை, கற்பூரவள்ளி, அக்கரகாரம், சிறுதேக்கு, சீந்தில், கடுக்காய் என்று கபத்தை நோக்கிப் போகிற சரக்குகள். காய்ச்சலோடு நெஞ்சில் சளி கட்டும் நிலைக்காகச் சேர்த்தது. 2020 ஏப்ரலில் அரசு ஆரோக்கியம் என்ற திட்டத்தை அறிவித்ததும் இது வீடு வீடாக வந்தது.

எதை வாங்கி வைப்பது? ஒன்றுதான் என்றால் நான் கபசுரத்தில் ஒரு சின்னப் பொட்டலம் எடுப்பேன். வீட்டில் அடிக்கடி வருவது சளியும் இருமலும்தான். நிலவேம்பைக் காய்ச்சல் காலத்தில் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகத் தருகிறார்கள்; மழைக்காலக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனைக்காக எப்படியும் அங்கே போக வேண்டியிருக்கும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டெங்குவில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தொடங்குகிறது. மூன்றாம் நாள் கஷாயம் குடித்தோம், நான்காம் நாள் உடம்பு குளிர்ந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுக்கிற வீடுகளில்தான் வயிற்றுவலியையும் விடாத வாந்தியையும் ஈறில் வரும் ரத்தத்தையும் கவனிக்காமல் விடுகிறார்கள். குடிநீரைக் குடிக்கலாம். அது பரிசோதனைக்கும் மருத்துவருக்கும் பதிலாகாது.

இரண்டுக்கும் காய்ச்சும் முறை ஒன்றுதான்: 5 கிராம் பொடியை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாகச் சுண்டவிட்டு வடிகட்டிக் குடிக்க வேண்டும். ஃபிளாஸ்கில் ஊற்றி நாள் முழுக்க வைத்துக்கொள்ளக் கூடாது, காய்ச்சிய சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். தண்ணீரில் பொடியைக் கலக்கி ஒரு கொதி விட்டு இறக்குவது குடிநீர் ஆகாது. தினமும் குடிப்பதும் வேண்டாம். கொரோனாக் காலத்தில் மிளகும் சுக்கும் பட்டையும் போட்ட கஷாயத்தை மூன்று வேளையும் குடித்து நெஞ்செரிச்சலும் வாய்ப்புண்ணும் வாங்கிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! நிலவேம்பு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறக்கக்கூடியது. ஏற்கெனவே அதற்கு மாத்திரை எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் தொடர்ந்து குடிப்பது நல்லதல்ல. கர்ப்பிணிகளுக்கு இரண்டு குடிநீரும் வேண்டாம்.

தனியாக விற்கும் சீந்திலும் அமுக்கராவும்தான் என் பட்டியலிலிருந்து முழுதாக வெளியே போகிறவை. கபசுரத்தில் சீந்தில் 15 சரக்குகளில் ஒன்றாகத்தான் வருகிறது. சீந்தில் நம் வைத்தியத்தில் மரியாதைக்குரிய கொடி, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2020-இல் ஊரே அதைத் தண்டாகவும் சாறாகவும் மாத்திரையாகவும் சாப்பிடத் தொடங்கியபின் நடந்ததைப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் மும்பையில் 6 பேர் கல்லீரல் பாதிப்போடு வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். அடுத்து நாட்டின் 13 மருத்துவ மையங்களைச் சேர்ந்தவர்கள் 43 பேரின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார்கள். சிலர் உயிரிழந்தும் இருக்கிறார்கள். ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்திலைப் போலவே இருக்கும் வேறொரு கொடியை மாற்றிச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. வாதம் எப்படி முடிந்தாலும் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் முடிவு ஒன்றுதான். கொடியிலேயே கோளாறு என்றால் சாப்பிடக் கூடாது. தவறான கொடி என்றால், கடையில் கிடைக்கும் பொடியில் இருப்பது எந்தக் கொடி என்று நமக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. தைராய்டு, முடக்குவாதம் மாதிரி உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

அமுக்கராவை மனஅழுத்தம், தூக்கம் ஆகியவற்றுக்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஓரளவு பலனும் தெரிகிறது. சளிக்கும் காய்ச்சலுக்கும் அதை ஏன் விற்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. தைராய்டு சுரப்பை அது கூட்டக்கூடும். கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. 2023-இல் டென்மார்க் தடையே போட்டது. சித்த மருத்துவத்தின் அமுக்கராச் சூரணம் தனி மூலிகையும் அல்ல. அதில் இலவங்கம், சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு எல்லாம் சேர்ந்திருக்கும், சர்க்கரையும் கணிசமாக உண்டு. தூக்கம் வராமல் தவிப்பவர் சித்த மருத்துவரைப் பார்த்துக் கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும்.

இருமலுக்கு என்று பலரும் வாயில் அடக்கும் அதிமதுரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓரிரு நாளுக்குப் பரவாயில்லை. வாரக்கணக்கில் போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். அழுத்தத்துக்கு மாத்திரை போடும் அப்பாவுக்கு இதை எடுத்துக் கொடுப்பதைவிட வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லலாம்.

ஆக, நான்கு பேர் உள்ள வீடு என்றால் வாராவாரம் அரைக் கிலோ நெல்லியோ கொய்யாவோ, வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, அடிக்கடி மிளகு ரசம், பால்கனியில் ஒரு கற்பூரவள்ளி, இவற்றோடு 50 கிராம் கபசுரப் பொடி. வீட்டில் கர்ப்பிணியோ, கல்லீரல் நோயாளியோ, சீந்திலைத் தொடக் கூடாது என்று மேலே சொன்ன நோய் உள்ளவரோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவரோ இருந்தால் கபசுரமும் அவர்களுக்கு இல்லை, சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் வயதானவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடலாம். இந்தப் பட்டியலில் உள்ள எந்தப் பொடியையும்விட அதற்கு ஆதாரம் அதிகம்.

பொடி வாங்குமிடத்தில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். மூட்டையிலிருந்து அள்ளிக் காகிதத்தில் மடித்துத் தருவதை வாங்காதீர்கள். சித்த மருந்து உரிம எண், சரக்குகளின் பட்டியல், தயாரிப்புத் தேதி மூன்றும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். தமிழக அரசின் மருந்து நிறுவனமான டாம்ப்கால், திருவான்மியூரில் உள்ள கூட்டுறவு அமைப்பான இம்ப்காப்ஸ் ஆகியவற்றின் தயாரிப்புகள் கிடைத்தால் இந்தத் தொல்லை குறையும். எதையாவது நாள்கணக்கில் சாப்பிட வேண்டும் என்று தோன்றினால், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ, உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவிலோ ஒரு சீட்டுப் போட்டுக் காட்டுங்கள். போகும்போது ஏற்கெனவே எடுக்கும் ஆங்கில மருந்துகளின் சீட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.